குடிசையில் வேகாத குடிசைப் பை

ஆங்கில நாவல்களை விரும்பிப் படிப்போர்க்கு ஒரு பழக்கம் உண்டு. கதைமாந்தர் உணவருந்த அமர்வார்கள். மேசைமீது ஏதோ ஒன்று கொண்டுவந்து வைக்கப்படும். அதன் பெயரை வாசித்துவிட்டு, அது எவ்வாறிருக்கும், எதனால் ஆனது என்ற கேள்விகளைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவோம். எங்கள் நண்பர் குழாம் அவ்வாறு பல்லாண்டுகள் தள்ளிவைத்த உணவுகளுள் ஒன்று 'காட்டேஜ் பை'. இன்னொன்று 'ஷெப்பர்ட்ஸ் பை'. முன்னதைக் 'குடிசைப் பை' என்றும் பின்னதை 'இடையன் பை' என்றும் பெயர்த்தால், தோளில் தொங்கும் கட்டுச்சோற்று மூட்டைதான் தமிழ் மனத்தில் தோன்றும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உணவு. வதக்கி வேகவைத்த கொத்துக்கறியை ஒரு தட்டத்தில் பரப்பி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கைக் கனமாகப் பூசி, மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவக்கும்வரை ஓவனில் வைத்து எடுப்பது. ஆட்டிறைச்சி என்றால் இடையன், மாட்டிறைச்சி என்றால் குடிசை என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள். இந்தப் பிரிவினை மிகவும் பிற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமையல் நூல்கள் இவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நால்வர் கூடி இதனை வீட்டில் சமைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். சமையலோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. பெயரில் உள்ள குடிசை எது, அந்தக் குடிசையில் இருந்தவர் யார் என்ற ஐயம் எழுந்தது. அது எங்களை இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இரண்டு பாதிரியார்களிடம் கொண்டு சேர்த்தது.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறோம். நான்கு பேருக்கு அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஐம்பது கிராம் வெண்ணெய், ஒரு கரண்டி மைதா, சிறிது பால், உப்பு, மிளகுத்தூள். வெங்காயத்தையும் கேரட்டையும் பொடியாக நறுக்கி வதக்கி, கறியைச் சேர்த்து நிறம் மாறும்வரை வறுத்து, மைதாவைத் தூவிக் கிளறி, எலும்பு வேகவைத்த நீரை ஊற்றி அரைமணி நேரம் சிறு தீயில் வைக்கவேண்டும். உருளைக்கிழங்கை உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு வேகவைக்கவேண்டும். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்து உட்புறம் வேகாமல் நிற்கும். வெந்தபின் நீரை வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் சிறு தீயில் வைத்து ஈரத்தைப் போக்கிவிட்டு, சூடாக இருக்கும்போதே வெண்ணெயும் சுடுபாலும் சேர்த்துக் கையால் மசிக்கவேண்டும். மிக்ஸியில் இட்டால் கிழங்கின் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசையாகிவிடும்.

எங்கள் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. கொதிக்கும் குழம்பின்மேல் சூடான மசியலைக் கொட்டினோம். மூடியாக மிதக்கவேண்டியது கல்லாக மூழ்கிற்று. இரண்டாம் முறை கறியை நீர் வற்றும்வரை சுண்டவைத்து, முழுவதும் ஆறவிட்டு, மசியலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகப் பரப்பினோம். முட்கரண்டியால் மேலே வரிவரியாகக் கீறினோம். அந்த மேடுகள்தாம் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும். 200 பாகை செல்சியஸில் அரைமணி நேரம். இம்முறை மூடி நின்றது.

இந்த மூடிதான் நம் வரலாற்றின் நாயகன்.

ஐரோப்பிய நடுக்காலத்தில் 'பை' என்பது மாவால் கட்டிய ஒரு பெட்டி. அந்த மேலோட்டை ஆங்கிலச் சமையல் ஏடுகள் 'காஃபின்' என்றே அழைத்தன. இன்று சவப்பெட்டியைக் குறிக்கும் அச்சொல்லுக்கு அன்று பெட்டி என்பதே பொருள். கனத்த சுவர்களை உடைய அந்த மாவுப்பெட்டி பல வேளைகளில் உண்பதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளிருக்கும் இறைச்சியைச் சமைக்கும் கலமாகவும், பின்னர் அதனைக் காக்கும் கலமாகவும் அது பயன்பட்டது. ஆக, பை செய்ய மாவு வேண்டும், கொழுப்பு வேண்டும், நன்கு சூடேறிய ஓவன் வேண்டும். மூன்றும் விலையுள்ள பொருள்கள். கோதுமை இருந்த இடத்தில் ஒரு கிழங்கு எப்போது வந்து அமர்ந்தது?

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் உயர்நிலங்களில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்த உருளைக்கிழங்கு, ஸ்பானியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவை அடைந்தது. அடைந்ததே தவிர, உடனே அடுக்களைக்குள் நுழைந்துவிடவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756-இல் அதனைப் பயிரிடச் சொல்லி ஆணையிட வேண்டியிருந்தது. ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, சிறையுணவாக அதனை உண்டு பழகிய பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் பர்மாந்தியே, தாயகம் திரும்பியபின் வாழ்நாளெல்லாம் அதற்காக வாதாடினார். பிரான்சில் நம் பையின் உடன்பிறப்பான உணவுக்கு இன்றும் 'ஆஷி பர்மாந்தியே' என்றுதான் பெயர். அங்கே கிழங்கைப் பரப்பியவரின் பெயர் உணவுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் அதே உணவுக்கு ஏழையின் வீட்டுப் பெயர் கிடைத்தது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

இங்கிலாந்தில் லங்காஷயர் போன்ற வடமேற்குப் பகுதிகள் கிழங்கை முன்னரே ஏற்றுக்கொண்டன. கோதுமை ரொட்டியில் பெருமை கொண்ட தென்பகுதி தயங்கியது. 1776-இல் வெளியான தம் பெருநூலில் ஆடம் ஸ்மித் உருளைக்கிழங்குக்குப் பரிந்து பேசுகிறார். இலண்டனின் பல்லக்குத் தூக்கிகளும் சுமையாள்களும் நிலக்கரி இறக்குவோரும் பெரும்பாலும் அயர்லாந்தின் அடித்தட்டு மக்கள், கிழங்கை உண்டு வளர்ந்தவர்கள், அவர்களது உடல்வலிமையே அதன் சத்துக்குச் சான்று என்பது அவர் வாதம். தானியத்தைப்போல் அதனை ஆண்டுக்கணக்கில் சேமிக்க இயலாது என்ற குறையையும் அவர் மறைக்கவில்லை.

நிற்க. இனி நம் பாதிரியார்களைப் பார்ப்போம்.

முதலாமவர் ஜேம்ஸ் உட்ஃபோர்ட் (1740–1803). நார்ஃபோக் மாவட்டத்தின் வெஸ்டன் லாங்வில் சிற்றூரில் ஆங்கிலிக்கன் பாதிரியாராக இருந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதியவர். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கும் பின்னர், 1924 முதல் 1931 வரை ஐந்து தொகுதிகளாக அது அச்சேறியது. அரசியலையும் சமயத்தையும்விட அன்றைய மதிய உணவு என்ன என்பதை அவர் தவறாமல் பதிந்து வைத்தார். வரலாற்று மாணவர்கள் அதற்காக அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள். 1791 ஆகஸ்ட் 29 அன்று உண்டவற்றுள் அவர் குறித்திருப்பது குடிசைப் பை. இப்பெயருக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று இது. அதனுடன் மேசையில் வறுத்த மாட்டிறைச்சியும் இருந்தது. பின்னரும் சில முறை இப்பெயரைக் குறிக்கிறார், உள்ளே இருந்தது கன்றிறைச்சி என்கிறார். மூடி எதனால் ஆனது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

மூடியின் சான்று 1806-இல் கிடைக்கிறது. மரியா ரண்டெல் என்ற பெண்மணி அவ்வாண்டு வெளியிட்ட சமையல் நூலில் 'சாண்டர்ஸ்' என்றொரு செய்முறை உள்ளது. நறுக்கிய மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடு சேர்த்துச் சிப்பிகளிலோ சிறு தட்டுகளிலோ முக்கால் பங்கு நிரப்பி, பாலேடு சேர்த்து மசித்த உருளைக்கிழங்கால் மூடி, வெண்ணெய் வைத்துச் சிவக்கவிடவேண்டும். ஓவன் வேண்டுமென்ற கட்டாயமில்லை. கணப்பின் முன் வைத்தோ, பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டை மேலே பிடித்தோ சிவக்கவைக்கலாம். பெயர்தான் வேறு. உணவு நாம் சமைத்ததேதான். பாலேடும் வெண்ணெயும் சிப்பிக் கலங்களும் எவ்வகை வீட்டில் புழங்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

குடிசைக்குள் என்ன வெந்தது? இதற்கு விடை சொல்பவர் இரண்டாம் பாதிரியார், டேவிட் டேவிஸ். பெர்க்‌ஷயரின் பார்க்கம் என்னும் சிற்றூரில் பணியாற்றியவர். வேளாண் கூலிகளின் வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் அவர்களின் வறுமை கண்டு, இது சோம்பலின் விளைவா, கூலிப் பற்றாக்குறையின் விளைவா என்று கேட்டுக்கொண்டார். கேட்டதோடு நில்லாமல் கணக்கெடுத்தார். 1787-ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் தம் ஊரின் ஆறு குடும்பங்களுடைய வரவுசெலவைப் பென்னி பென்னியாக எழுதிக்கொண்டார். பிற ஊர்களிலிருந்தும் இத்தகைய கணக்குகளைத் திரட்டி 1795-இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் முதற்குடும்பம் கணவன், மனைவி, ஐந்து குழந்தைகள் என ஏழு பேர் கொண்டது. மூத்த குழந்தைக்கு எட்டு வயது. வார வருமானம் 8 ஷில்லிங் 6 பென்ஸ். அதில் 6 ஷில்லிங் 3 பென்ஸ் ரொட்டி மாவுக்கே போய்விடுகிறது. அதாவது வரவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. இறைச்சி என்பது வாரத்துக்கு ஒரு பவுண்டு உப்பிட்ட பன்றியிறைச்சி மட்டுமே. அதையும் ஒரே வேளையில் தீர்த்துவிடாமல் இரண்டு மூன்று தவணைகளாகக் கீரையோடு வேகவைக்கிறார்கள். வெந்த நீர் வீணாவதில்லை. அதில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். இவ்வளவு சிக்கனத்துக்குப் பின்னும் வாரச் செலவு வரவைவிட மிகுதியாகிறது. துணி, காலணி, வாடகை, மருத்துவம் ஆகியவை இன்னும் அக்கணக்கில் ஏறவில்லை.

இந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்கள் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்காக நாங்கள் நால்வர் வாங்கியது 500 கிராம். 'குடிசைப் பை' என்ற பெயரில் நாங்கள் ஒரே வேளையில் தீர்த்த இறைச்சி, உண்மையான குடிசையொன்றில் ஏழு உயிர்கள் ஒரு வாரம் முழுவதும் பகிர்ந்துகொண்டதைவிட அதிகம்!

இறைச்சியை விட்டுவிடுவோம். நெருப்புக்கு என்ன வழி? தென்னிங்கிலாந்தின் ஏழைகளுக்கு விறகு அரிய பொருளாகிவிட்டதை டேவிஸ் வருத்தத்தோடு விவரிக்கிறார். ஊர்ப் பொதுநிலங்களில் புதரும் சுள்ளியும் பொறுக்கி எரித்தவர்கள், அந்நிலங்கள் வேலியடைக்கப்பட்டுப் பெருநிலக்கிழார்களின் உடைமையானபோது அவ்வுரிமையை இழந்தார்கள். வீட்டில் ரொட்டி சுடுவதைவிடக் கடையில் வாங்குவதே மலிவு என்ற நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. நிலக்கரி மலிந்த வடக்கில் ஏழைகள் கூழும் சூப்பும் காய்ச்சிக் குடிக்க முடிந்தது. தெற்கில் அதுவும் அரிதாயிற்று. கிழங்கை மட்டும் தின்று வாழலாமே என்று அறிவுரை கூறிய கனவான்களுக்கு அவர் தந்த விடை எளியது. ரொட்டியைத் தனியே தின்னலாம், கிழங்குக்குத் துணையாகப் பாலாவது வேண்டும், பால் எங்கே இருக்கிறது?

முதல் பாதிரியாரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். உட்ஃபோர்ட் இரக்கமுள்ளவர். ஆண்டுதோறும் டிசம்பரில் புனித தோமா நாளன்று தம் ஊரின் ஏழைகளுக்குத் தலைக்கு ஆறு பென்ஸ் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நாளில் சில முதிய ஏழைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து வறுத்த மாட்டிறைச்சியும் பழப் புட்டிங்கும் அளித்து, அவர்களின் மனைவியர்க்கு ஆளுக்கொரு ஷில்லிங்கும் கொடுத்தனுப்பினார். ஆனால் அச்செய்தியே நம் ஐயத்துக்கு விடையாகிறது. ஒரு தட்டு மாட்டிறைச்சி என்பது அவ்வூர் ஏழைக்குப் பெருநாள் கொடையாக இருந்தது. பாதிரியார் வீட்டுக்கோ அது சாதாரண ஆகஸ்ட் மாதத்து மதிய உணவு. குடிசைப் பை என்னும் பெயர் பதிவானது பின்னவர் வீட்டு நாட்குறிப்பில்தான்.

இடையனின் கதை இதைவிடக் கசப்பானது. அவனுடைய பெயரைத் தாங்கிய பையின் செய்முறை 1849-இல் எடின்பரோவில் அச்சான ஒரு சமையல் நூலில் இடம்பெறுகிறது. முன்பே சமைத்த ஏதேனும் ஓர் இறைச்சியைத் துண்டுகளாக அரிந்து அடுக்கி, மசித்த உருளைக்கிழங்கால் மூடிச் சுடவேண்டும் என்பது செய்முறை. கொத்துவதில்லை, ஆட்டிறைச்சியே வேண்டும் என்பதுமில்லை.

இரண்டு தலைமுறைகளுக்கும் மேலாக, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ஆட்டுப்பண்ணைகளை அமைத்து வந்தனர். 1792-இல் ராஸ் பகுதி மக்கள் திரண்டு ஆட்டு மந்தைகளைத் தங்கள் மண்ணைவிட்டுத் தெற்கே ஓட்ட முயன்றபோது, படையை அனுப்பி அவர்களை அடக்கினார்கள். கேலிக் மொழியில் அவ்வாண்டுக்கு 'ஆடுகளின் ஆண்டு' என்றே பெயர் நிலைத்தது. வெளியேறியவர்கள் கடலோரத் துண்டு நிலங்களில் குவிந்தனர். அச்சிறு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய ஒரே பயிர் உருளைக்கிழங்கு. 1846-இல் கருகல் நோய் அங்கும் பரவி அக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே அழுகவைத்தது. பத்தாண்டு காலம் அத்துயரம் நீடித்தது. பல்லாயிரவர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை அதே நோயும், அதனைவிடக் கொடிய ஆட்சி அலட்சியமும் சேர்ந்து சுமார் பத்து இலட்சம் பேரைக் கொன்றன. குறைந்தது இன்னொரு பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டே சென்றனர்.

ஆக, கிழங்கையே நம்பியிருந்தவர்கள் கிழங்கின்றி மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மிச்சமான இறைச்சியின்மேல் கிழங்கை மசித்துப் பூசும் உணவு எடின்பரோவில் 'இடையன் பை' என்ற பெயரோடு அச்சேறியது. அந்நூலாசிரியை மீது குற்றம் சாட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வீட்டில் மிஞ்சியதை வீணாக்காதிருக்க வழி சொல்வது நல்ல சமையற்காரியின் வேலை. ஞாயிறன்று வறுத்த பெரிய இறைச்சித் துண்டின் மிச்சம், துணி துவைக்கும் நாளாகிய திங்களன்று வேறு உருவில் மேசைக்கு வருவது பிரித்தானிய நடுத்தர வீடுகளின் வழக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கைப்பிடி சுழற்றி இறைச்சி அரைக்கும் இயந்திரம் வீடுகளுக்கு வந்தபின், அரிந்த துண்டுகளின் இடத்தைக் கொத்துக்கறி பிடித்துக்கொண்டது. ஆனால் மிச்சம் வைப்பதற்கு முதலில் மிகுதி இருக்கவேண்டுமல்லவா? வாரம் ஒரு பவுண்டு பன்றியிறைச்சியில் எதை மிச்சம் பிடிப்பது?

இப்பெயர்கள் ஒருமுறையாவது உண்மையானதுண்டா? உண்டு என்றே தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1940 மார்ச் 11 அன்று பிரித்தானியாவில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. எடைக்கணக்கில் அல்ல, விலைக்கணக்கில். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புள்ள இறைச்சி என்று தொடங்கிப் பின்னர் அதுவும் குறைந்தது. விலைக்கணக்கு என்பதால் மலிவான பகுதிகளை வாங்கினால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். போர்க்காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பங்கீடு இல்லை. கோதுமை கப்பலில் வரவேண்டும், கிழங்கோ உள்நாட்டிலேயே விளையும். ஆகவே கிழங்கை உண்ணுங்கள் என்று உணவு அமைச்சகம் சுவரொட்டிகளிலும் வானொலியிலும் இடைவிடாது எடுத்துரைத்தது. சிறிதளவு இறைச்சி, நிறையக் கிழங்கு, மாவும் கொழுப்பும் வேண்டாத மூடி என்ற மூன்றும் ஒன்றாகக் கூடிய உணவுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வாய்த்திராது. 1954 ஜூலை 4 அன்று இறைச்சிப் பங்கீடு முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில், மாளிகையிலிருந்தவர்க்கும் குடிசையிலிருந்தவர்க்கும் சட்டப்படி இறைச்சியின் அளவு ஒன்று. கள்ளச்சந்தையும் பணபலமும் அங்கும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் 1787-இன் பார்க்கம் குடும்பம் கனவிலும் கண்டிராத பங்கு அது. குடிசைப் பை குடிசைக்கு வந்து சேர, பெயர் பதிவாகி ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

உணவின் வரலாற்றை எழுதுவோர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை இருப்பதாகக் கருதுகிறோம். பெயரை நம்பி, 'இது ஏழைகள் கண்டுபிடித்த உணவு' என்று எழுதிவிடுவது எளிது. பல நூல்களும் தளங்களும் அவ்வாறே எழுதுகின்றன. பெயர் சூட்டியவர் யார், அதனை ஏட்டில் பதிந்தவர் யார், அவருடைய அடுக்களையில் விறகு இருந்ததா, வெண்ணெய் இருந்ததா என்று கேட்டால் விடை வேறாகிறது. உண்டவர்களே நாட்குறிப்பு எழுதினார்கள், சமையல் நூல்களை வாங்கினார்கள். உண்ணாதவர்களின் உணவைப் பற்றி நாம் அறிவதற்கு ஒரு டேவிஸ் வீடுவீடாகச் சென்று பென்னிக் கணக்கு கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் பை நன்றாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். மேலே மொறுமொறுப்பு, அதன்கீழ் வெண்ணெய் மணக்கும் மென்மை, அடியில் காரமில்லாத, ஆனால் ஆழமான கறிச்சுவை. தட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட கருகலுக்குச் சிறு போட்டியே நடந்தது. வாசகர்கள் செய்து பார்க்கலாம். கறியை நன்றாக ஆறவிட மறக்கவேண்டாம்.

பாத்திரம் கழுவும்போது எங்களுள் ஒருவர் கேட்டார்: "அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்களே, பன்றியிறைச்சி வெந்த நீரில் ரொட்டியும் கிழங்கும் போட்டு, அதற்கு என்ன பெயர்?" மீண்டும் டேவிஸின் கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். செய்முறை இருக்கிறது. பெயர் இல்லை.